இரண்டாம் வியாழனும் நம் பிழைக் கணக்கும்

சென்ற திங்கள் இப்பகுதியில் நாம் எழுதிய கட்டுரையில் ஒரு பெரும் பிழை நேர்ந்துவிட்டது. அது அச்சுப் பிழையன்று. அச்சகத்தார்மீது பழி சுமத்த வழியில்லை. கணக்கில் நேர்ந்த பிழை. கணக்கைப் போட்டவர்களும் நாமே. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, சூரியனிலிருந்து பூமி உள்ள தூரத்தைப் போல் மும்மடங்கு தூரத்தில், வியாழனையொத்த எடையுள்ள வேறொரு கோளைக் கொண்டுபோய் வைத்தால் என்ன நேரும் என்று ஆராய்ந்தோம். நூறே ஆண்டுகளில் நம் பூமி தன் பாதையினின்றும் விலகிச் செவ்வாயின் பாதையையும் தாண்டிவிடும் என்று முடிவு கூறினோம். பூமி சுருள் சுருளாக வெளியேறுவதைக் காட்டும் படமொன்றையும் அச்சிட்டோம். அம்முடிவும் தவறு, அப்படமும் தவறு.

பத்திரிகைகளில் பிழை திருத்தம் என்பது வழக்கமாகக் கடைசிப் பக்கத்தின் மூலையில் இரண்டு வரியாக இடம்பெறும். இதனை அவ்வாறு முடிக்க இயலாத நிலை ஏற்பட்டுவிட்டது. நம் படத்தை எவரோ கைப்பேசியில் பிடித்து, ‘புதிய கோள் வருகிறது, பூமி விலகப் போகிறது’ என்னும் தலைப்பிட்டு அனுப்ப, அது நம் உறுப்பினர் வீடுகளையெல்லாம் சுற்றிவிட்டு, ஊரிலுள்ள உறவினர் கைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘என்ன ஆகும்’ என்று நாம் கற்பனையாகக் கேட்டது, ‘ஆகப் போகிறது’ என்று மாறிவிட்டது. ஓர் அன்னையார் எழுதியுள்ளார்: அவருடைய ஒன்பது வயது மகன் ஞாயிறு தமிழ் வகுப்பில் அக்கட்டுரையைப் படித்துவிட்டு வந்து, ‘தாத்தா ஊரும் சேர்ந்துதான் போய்விடுமா?’ என்று இரவில் கேட்டானாம். இப்பத்திரிகையை வைத்துக்கொண்டே பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கக் கற்பிக்கும் வீடுகள் இந்நகரில் பல உண்டு. அப்படிப்பட்ட வீட்டிற்குள் நாம் பொய்யைக் கொண்டுபோய் வைத்தோம் என்பது நம்மை உறுத்துகிறது. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியுள்ளோம்.

பிழையைக் கண்டுபிடித்தவர் வானநூல் வல்லுநரல்லர். அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர். அஞ்சலட்டையில் மூன்றே வரி எழுதியிருந்தார். ‘புதிய கோளைச் சேர்த்த கணக்கைக் காட்டினீர்கள். அதனைச் சேர்க்காத கணக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்க வேண்டாமா? காட்டாவிடில் எது யாரால் வந்தது என்று எவ்வாறு அறிவது?’ படித்தவுடன் நமக்குச் சற்றுக் கோபமே வந்தது என்பதை ஒளிப்பானேன்! புதிய கோள் இல்லாவிட்டால் பூமி ஒழுங்காகச் சுற்றும் என்பது உலகறிந்த செய்திதானே, அதற்கும் ஒரு கணக்கா என்று எண்ணினோம். ஆயினும் அன்றிரவே கணிப்பொறியில் அப்புதிய கோளை நீக்கிவிட்டு, அதே கணக்கை மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். புதிய கோள் இல்லை. இருந்தும் பூமி முன்போலவே நகர்ந்து நகர்ந்து, நூறாம் ஆண்டில் செவ்வாயின் பாதைக்கு அப்பால் போய் நின்றது!

பூமியைத் துரத்தியது இரண்டாம் வியாழன் அன்று. நம் கணக்கு முறையே துரத்தியிருக்கிறது.

அது எவ்வாறு என்பதை விளக்க வேண்டும். சூரியனும் ஒரே ஒரு கோளும் மட்டும் இருந்தால், அக்கோள் எந்நாளில் எவ்விடத்தில் இருக்கும் என்பதை ஒரு சூத்திரத்தால் எழுதிவிடலாம். கெப்ளர் கண்ட நீள்வட்டம் அதுவே. மூன்றாவதாக ஒன்று சேர்ந்தவுடன் அவ்வசதி போய்விடுகிறது. எக்காலத்துக்கும் பொருந்தும் எளிய சூத்திரம் பொதுவாகக் கிடைப்பதில்லை. எனவே சிறு சிறு படிகளாக ஏறிச் செல்ல வேண்டியதுதான். இந்த நொடியில் ஒவ்வொரு கோளும் எங்கே உளது, எவ்வேகத்தில் எத்திசை நோக்கிச் செல்கிறது என்பது தெரியும். ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்பதை நியூட்டன் விதி கூறும். அந்த இழுப்பு ஒரு மணி நேரத்துக்கு மாறாது என்று கொண்டு, ஒரு மணி கழித்து ஒவ்வொன்றும் எங்கே இருக்கும், வேகம் என்னவாகும் என்று கணக்கிடுகிறோம். புதிய இடத்திலிருந்து மீண்டும் ஒரு மணி. இப்படி ஆண்டொன்றுக்கு 8,766 படிகள். நூறு ஆண்டுக்கு எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். மனிதர் கையால் செய்யத் தகாத வேலை, கணிப்பொறிக்கோ விளையாட்டு.

வளைந்து செல்லும் கோளை ஒரு மணி நேரம் நேர்கோட்டில் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. பூமி மணிக்கு ஏறத்தாழ 1,07,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வொரு மணியில் அது நேர்கோட்டினின்றும் சூரியனை நோக்கி 38 கிலோமீட்டர் வளைகிறது. நாமோ பழைய வேகத்தைக் கொண்டே பூமியை நகர்த்திவிட்டு, பழைய இடத்து இழுப்பைக் கொண்டே வேகத்தையும் மாற்றினோம். அதனால் ஒவ்வொரு படியின் முடிவிலும் பூமி இருக்க வேண்டிய இடத்துக்குச் சிறிது வெளியே நிற்கும். வேகமும் சிறிது மிகுந்திருக்கும். இரண்டும் சேர்ந்து பாதையின் ஆரத்தைப் படிக்குப் படி சுமார் 150 கிலோமீட்டர் அகற்றிவிடுகின்றன. பதினைந்து கோடி கிலோமீட்டரில் நூற்றைம்பது என்பது தூசு. ஆனால் ஆண்டுக்கு எண்ணாயிரத்து எழுநூறு தூசுகள்! முதல் ஆண்டிலேயே 13 லட்சம் கிலோமீட்டர். நூறு ஆண்டு முடிவில் பூமியின் பாதை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது.

இதில் நாம் வெட்கப்பட வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. அப்பிழைப் படத்தை இப்பொழுது எடுத்துப் பார்த்தால் அது தன் குற்றத்தைத் தானே உரக்கக் கூறுகிறது. புதன், வெள்ளி, பூமி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. புதிய கோளுக்கு மிகத் தொலைவிலுள்ள புதனே எல்லாவற்றிலும் மிகுதியாக நகர்ந்திருக்கிறது. அக்கோளுக்கு அண்டையிலிருக்கும் வியாழனோ அசையவே இல்லை எனலாம். அண்டை வீட்டில் சண்டை நடக்க, நாலாம் தெருவிலிருப்பவன் ஓட்டமெடுப்பானா? சூரியனுக்கு அருகே வேகமாக வளைந்து ஓடும் கோளுக்கு நம் பிழை முறை மிகுந்த தீங்கு செய்யும். தொலைவில் மெல்லச் செல்வதற்குக் குறைவாகச் செய்யும். படம் காட்டியது இதனைத்தான். பார்க்கத் தெரிந்த கண்ணுக்குப் புரிந்திருக்கும். நாம் முடிவு சுவையாக இருந்ததைக் கண்டு மயங்கிவிட்டோம்.

பரிகாரம் மிக எளியது, கேட்டால் நகைப்பீர்கள். இரண்டு வரிகளை இடம் மாற்றினோம். முதலில் இழுப்பைக் கொண்டு வேகத்தை மாற்றுவது. பிறகு, மாறிய அப்புதிய வேகத்தைக் கொண்டு கோளை நகர்த்துவது. அவ்வளவே. இம்முறையிலும் ஒவ்வொரு படியிலும் சிறு பிழை உண்டு. ஆனால் அது ஒருமுறை கூடினால் மறுமுறை குறையும். வட்டிபோல் ஏறிக்கொண்டே போகாது. இதற்குப் பழைய பெருமையும் இருக்கிறது. 1687ல் வெளிவந்த தம் பெருநூலின் முதல் தேற்றத்தில், கோளின் பாதையைச் சிறு நேர்கோடுகளாக ஒடித்து, ஒவ்வொரு மூலையிலும் சூரியனை நோக்கி ஓர் உதை கொடுத்து, அதன் பிறகு புதிய திசையில் நேரே போகவிட்டு நியூட்டன் வரைந்த படம் இம்முறையேயாகும். சமமான காலத்தில் சமமான பரப்பு என்னும் கெப்ளர் விதி அப்படத்தில் அணுவும் பிசகாமல் நிற்கிறது.

கணக்கன்பர் மற்றொரு சோதனையையும் நமக்குக் கற்பித்தார். ஐந்தொகை போடாமல் எந்தப் பேரேட்டையும் நம்பலாகாது என்பது அவர் தொழிலின் விதி. கோள்களின் கணக்கிலும் அத்தகைய ஐந்தொகை ஒன்று உண்டு. இயக்கத்தால் வந்த ஆற்றல், ஈர்ப்பால் வந்த ஆற்றல் இரண்டையும் எல்லாக் கோள்களுக்கும் கூட்டினால் வரும் மொத்தம் என்றும் மாறலாகாது. ஒரு கோள் பெற்றதை மற்றொன்று இழந்திருக்க வேண்டும். நம் பழைய கணக்கில் அம்மொத்தம் நாளுக்கு நாள் ஏறியிருக்கிறது; கொடுத்தவர் எவருமில்லாமல் வரவு மட்டும் பதிவாகியிருக்கிறது! புதிய கணக்கில் அது ஒரு குறுகிய எல்லைக்குள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு அங்கேயே நின்றது.

இனி, திருத்திய கணக்கு என்ன சொல்கிறது? முதலில் புதிய கோள் இல்லாமல் ஓட்டினோம். பூமி நல்ல பிள்ளையாகத் தன் பாதையில் சுற்றியது. பின்னர் இரண்டாம் வியாழனைச் சேர்த்தோம். நூறு ஆண்டில் பூமி எங்கும் ஓடவில்லை. ஆண்டின் நீளம்கூட மாறியதாகச் சொல்ல முடியவில்லை. சற்று எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. வியாழனின் எடை சூரியனில் 1,047ல் ஒரு பங்கு. நாம் வைத்த கோள் பூமிக்கு மிக அருகே வரும்போதும் இடைத்தூரம் முப்பது கோடி கிலோமீட்டர். அங்கிருந்து அது பூமியை இழுக்கும் இழுப்பு சூரியன் இழுப்பதில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிராது. இரு கோள்களும் சுற்றிச் சுற்றி வருவதால் இன்று முன்னே இழுத்தது நாளை பின்னே இழுக்கும்.

துன்பம் வேறிடத்தில் நேர்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான சிறுகோள்கள் உள்ளன. 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பலேர்மோ நகரில் பியாட்ஸி கண்ட சீரிஸ் அவற்றுள் பெரியது. அவற்றின் பிரதிநிதியாக ஒரு நூறு புள்ளிகளைத் தூவி வைத்தோம். ஓராயிரம் ஆண்டுக் கணக்கில் அவற்றுட் பல சிதறிப் போயின. சில வெளியே விரட்டப்பட்டன. சில உள்நோக்கிப் பாய்ந்து பூமியின் பாதையைக் குறுக்கே கடந்தன. பூமி இடம் பெயராமலே இருக்கலாம். வீட்டின்மீது கல் விழத் தொடங்கிவிட்டால் வீடு இருந்த இடத்தில் இருந்து என்ன பயன்? சென்ற திங்கள் நாம் எழுதியிருக்க வேண்டியது இதுவே.

நூறு, ஆயிரம் என்னும் கணக்கெல்லாம் வானத்தில் ஒரு கண் இமைப்பு. பெரிய கோளின் கை மெல்லவே வேலை செய்யும். இன்றுள்ள வியாழனும் வெள்ளியும் சேர்ந்து நம் பூமியின் நீள்வட்டத்தைச் சுமார் நான்கு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை நீட்டியும் சுருக்கியும் வருகின்றன. இப்பொழுது நம் பாதை வட்டத்துக்கு மிக நெருங்கியது. சூரியனுக்கு மிக அருகே 14.7 கோடி கிலோமீட்டர், மிகத் தொலைவில் 15.2 கோடி. புதிய பெருங்கோள் வந்தால் இந்த ஆட்டத்தின் அளவும் தாளமும் மாறும். அது பல்லாயிரம் ஆண்டுகளிலேயே புலப்படும்.

தாளம் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினோம். ஊஞ்சலைத் தள்ளுபவன் அறிவான்: பெரிய பலம் வேண்டுவதில்லை, சரியான வேளையில் தள்ளினால் போதும். வியாழன் சூரியனை 11.86 ஆண்டில் சுற்றுகிறது; சனி 29.46 ஆண்டில். வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறக்குறைய 59 ஆண்டில் வந்து சேர்கின்றன. இப்பொருத்தத்தால் ஒன்றையொன்று மீண்டும் மீண்டும் ஒரே முறையில் தள்ள நேர்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் ஹாலி முதலியோர், வியாழன் விரைந்து வருவதையும் சனி தாமதிப்பதையும் கண்டனர். இப்படியே போனால் வியாழன் சூரியனில் விழும், சனி தப்பியோடும் என்ற அச்சம் பிறந்தது. லப்லாஸ் 1785ல் அதனைத் தீர்த்தார். அது ஓயாத ஓட்டமன்று. சுமார் தொள்ளாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும் ஊசல் என்று காட்டினார்.

பொருத்தம் எப்பொழுதும் இவ்வளவு சாந்தமாக முடிவதில்லை. 1866ல் அமெரிக்கரான கிர்க்வுட், சிறுகோள் கூட்டத்தில் சில இடங்கள் காலியாகக் கிடப்பதைச் சுட்டிக்காட்டினார். வியாழன் ஒரு சுற்று வருவதற்குள் மூன்று சுற்று வரக்கூடிய தூரம் அவற்றுள் ஒன்று. அங்கே ஏன் எதுவும் தங்குவதில்லை என்பது நூறாண்டுக்கு மேல் புதிராயிருந்தது. 1980க்குப் பின் ஜாக் விஸ்டம் என்பவர் கணிப்பொறியில் அவ்விடத்துப் புள்ளிகளை மிக நீண்ட காலத்துக்கு ஓட்டிப் பார்த்தார். லட்சக்கணக்கான ஆண்டுகள் ஒரு புள்ளி அமைதியாகச் சுற்றும். இனி எதுவும் நேராது என்று எவரும் சத்தியம் செய்வர். பின்பு திடீரென அதன் பாதை நீண்டு செவ்வாயின் பாதையைத் தொடும். அவ்வாறு நீண்டதைச் செவ்வாயோ பிறிதொன்றோ தட்டி அப்புறப்படுத்திவிடும். நூறு ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு ‘ஆபத்தில்லை’ என்று இம்மாதம் நாம் எழுதிவிட்டால், அது சென்ற மாதம் எழுதியதைப் போன்றே மற்றொரு தவறாகும்.

உண்மையான நீண்ட கணக்கை வல்லுநர் செய்திருக்கிறார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு கிளையைச் சேர்ந்த ஸ்டீபன் கேன் 2023ல் வெளியிட்ட ஆராய்ச்சி நம் கேள்வியையே எடுத்துக்கொண்டது. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களுள் பூமியைவிடப் பெரியனவும் நெப்டியூனைவிடச் சிறியனவும் ஏராளம். நம் சூரியனிடம் மட்டும் அவ்வளவில் ஒன்றுகூட இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இடமும் காலியாக உளது. அங்கே பூமியைப் போல் ஒரு மடங்கு முதல் பத்து மடங்கு வரை எடையுள்ள கோளை வைத்து, எடையையும் தூரத்தையும் சிறிது சிறிதாக மாற்றி ஆயிரக்கணக்கான கணக்குகளை ஓட்டினார். வியாழன் பூமியைப் போல் 318 மடங்கு எடையுள்ளது. பத்து மடங்குக் குட்டி அதனை என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் அக்குட்டி வியாழனைச் சிறிது அசைத்தாலே போதுமானதாயிற்று. அவ்வசைவு மற்றவற்றுக்குப் பரவிற்று. சில இடங்களில் வைத்தபோது புதன், வெள்ளி, பூமி ஆகியவை நிலைகுலைந்து வெளியேறவும் நேர்ந்தது. யுரேனசும் நெப்டியூனும்கூடத் தூக்கியெறியப்படலாம் என்று கண்டார். வேறு சில இடங்களிலோ ஒன்றும் நேரவில்லை. நாம் இட்ட எடையில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த கோளுக்கே இவ்வளவு செய்ய முடியுமெனில், எடை மட்டுமே யாவும் அன்று என்பது விளங்குகிறது. எங்கே வைக்கிறோம், யாருடைய தாளத்தோடு அது பொருந்துகிறது என்பதே பெரிது.

புதிதாக எதுவும் வராமலே நம் கோள்கூட்டம் எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதும் கேட்கத் தக்கதே. பிரான்சு நாட்டு ஜாக் லஸ்கார், காஸ்தினோ என்னும் துணைவருடன் 2009ல் அதனைக் கணக்கிட்டார். ஒரே கணக்கை 2,501 முறை, ஐந்நூறு கோடி ஆண்டுக்கு நீட்டி ஓட்டினர். ஒவ்வொரு முறையும் புதனின் தொடக்க நிலையில் 0.38 மில்லிமீட்டர் மட்டும் வேறுபாடு. ஓர் அரிசியின் கனம்கூட இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கணக்குகளில் யாவும் நலம். ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றில் புதனின் பாதை பெரிதும் நீண்டுவிட்டது. அவற்றுள் ஒன்றில் இன்றைக்கு 334 கோடி ஆண்டுக்குப் பின் உட்கோள்கள் யாவும் குழம்பி, பூமி மற்றொரு கோளுடன் மோதக்கூடிய நிலையும் வந்தது. பூமி இன்றிருக்கும் இடத்தைப் பதினைந்து மீட்டர் தவறாக அளந்தால், பத்துக் கோடி ஆண்டுக்குப் பின் அது தன் பாதையில் எங்கே இருக்கும் என்பதையே சொல்ல இயலாது என்றும் லஸ்கார் முன்னரே காட்டியிருக்கிறார். ஆகவே இத்தகைய கணக்குகளில் ஒற்றை முடிவுக்கு மதிப்பில்லை. ஆயிரம் முறை ஓட்டி, எத்தனை முறை எது நேர்ந்தது என்று எண்ண வேண்டும். ஒரே முறை ஓட்டிப் படம் போட்ட நம் துணிச்சலை என்னவென்பது!

இங்கே நம் பஞ்சாங்கக் கணிதரை நினையாமல் இருக்க முடியவில்லை. 1825ல் சென்னையில் வெளியான ‘காலசங்கலிதம்’ என்னும் நூலில், ஜான் வாரன் என்பவர் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரித் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். ஏடுமில்லை, எழுத்துமில்லை. கிரகணத் தொடக்கம் சுமார் நான்கு நிமிஷ வேறுபாட்டுக்குள் வந்தது; முடிவு மட்டும் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாகத் தவறிற்று. அம்முறை படிப்படியாக ஏறும் முறையன்று. 248 நாளுக்கு ஒருமுறை சந்திரனின் ஓட்டம் ஏறக்குறையத் திரும்பி வருகிறது என்னும் உண்மையைப் பிடித்துக்கொண்டு, அந்த 248 நாளுக்கும் ஒவ்வொரு வாக்கியம் அமைத்த முறை. வானம் பழைய வழக்கம் மாறாதவரை அது போல் விரைவான கணக்கு வேறில்லை. புதிதாக ஒரு பெருங்கோள் நுழைந்தால் அதற்குச் சொல்ல வாக்கியம் இராது. அப்போது சோழியை வைத்துவிட்டு, நியூட்டன் வழியில் படியேற வேண்டியதே.

அவ்வாறு காணாத கோள் ஒன்று கணக்கைக் குழப்பியதும், அக்குழப்பத்தைக் கொண்டே அதனைப் பிடித்ததும் சரித்திரம். 1781ல் ஹெர்ஷல் கண்ட யுரேனஸ் நாளடைவில் அட்டவணைப்படி நடக்க மறுத்தது. அப்பாலுள்ள ஒரு கோள் இழுக்கிறது என்று கொண்டு, பிரான்சில் லெவெரியேயும் இங்கிலாந்தில் ஆடம்ஸும் தனித்தனியே அதன் இடத்தைக் கணித்தனர். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். லெவெரியே சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. அதே லெவெரியே பின்னர்ப் புதனின் பாதையில் ஒரு சிறு பிறழ்ச்சியைக் கண்டார். நூற்றாண்டுக்கு 43 விகலை என்று இன்று சொல்கிறோம். 1859ல் அதற்கும் காணாத கோளையே காரணமாக்கினார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பலர் கண்டதாகவும் கூறினர். அப்படியொரு கோள் இல்லவே இல்லை. குறை நியூட்டன் விதியிலேயே இருந்தது என்பது 1915ல் ஐன்ஸ்டைன் வந்த பின்னர்தான் தெரிந்தது. லெவெரியேக்கே அது நேர்ந்தது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறோம் என்று அன்பர்கள் எண்ண வேண்டா. அவர் தவறியது அரிய இடத்தில், நாம் தவறியது இரண்டு வரியில்.

இனி, கைப்பேசியில் சுற்றும் செய்திக்கு நேரான விடை. பெருங்கோள் எதுவும் பூமியை நோக்கி வரவில்லை. நிபிரு என்று பெயரிட்டு 2003ல் வரும் என்றார்கள், வராமற் போகவே 2012 டிசம்பருக்குத் தள்ளிவைத்தார்கள், அதுவும் கழிந்தது. அவ்வளவு எடையுள்ளது உட்கோள்களை நெருங்கியிருந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். தெரிவதற்கு முன்பே அதன் இழுப்பு தெரிந்துவிடும். 1969 முதல் சந்திரனில் வைத்த ஆடிகள்மீது ஒளிபாய்ச்சி, அதன் தூரத்தை இன்று சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். செவ்வாயைச் சுற்றும் கலங்களின் தூரம் மீட்டர் கணக்கில் தெரியும். வெகு தொலைவில், நெப்டியூனுக்கும் மிக அப்பால், ஒன்பதாம் கோள் ஒன்று இருக்கலாம் என்று 2016ல் பட்டிகின், பிரவுன் இருவரும் கணக்கால் ஊகித்தனர் என்பது மெய்யே. அது இதுவரை காணப்படவில்லை. இருந்தாலும், அது தன் தொலைதூரப் பாதையில் சுற்றிக்கொண்டிருப்பது, நம்மிடம் வருவதன்று.

அந்த ஒன்பது வயது நண்பனுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறோம். தாத்தா ஊர் எங்கும் போகாது என்றும், கோடைவிடுமுறைக்கு அவன் போகத் தடையில்லை என்றும், தவறு செய்தவர் நாமே என்றும் அதில் உளது. சங்க நூலகத்துச் சுவரில் ஒட்டியிருந்த பழைய படம் நீக்கப்பட்டது. அவ்விடத்தில் இரண்டு படங்கள் இப்போது உள்ளன: இடப்புறம் புதிய கோள் இல்லாத கணக்கு, வலப்புறம் அதனைச் சேர்த்த கணக்கு. கணக்கன்பர் வந்து பார்த்தார். ஆற்றலின் ஐந்தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கீழே ஒட்டுக என்றார். ஒட்டியாயிற்று.